மதலேனின் கடைசிப் பதிப்பில் ஒரு வரி தவறு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பம் படகுத்துறையில் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் ‘மதலேன் வீடு’ என்று வந்தது. எடுக்கவில்லை. அன்று காலை அவள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்து நின்றிருந்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள், என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அடிக்க விட்டேன். இரண்டாவது முறையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்து, அந்தப் பக்கம் யார் என்றுகூடக் கேட்காமல், “வரேண்டி, மதியானத்துக்கு மேல வரேன்” என்றேன்.

பேசியது அவளுடைய அக்கா எலிசபெத். “கலை, மதலேன் போயிட்டாம்மா” என்றார். “காலைப் பூசைக்குப் போயிட்டு வந்தா. காபி போட்டுக் குடுத்தேன். தல வலிக்குதுன்னு நாற்காலியில சாஞ்சா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், வழியிலயே முடிஞ்சிடுச்சு. இப்பதான் வீட்டுக்குக் கொண்டாந்தோம்.”

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் “போங்க மேடம்” என்றார். நான் போகவில்லை. நாத்தனார்தான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து வந்தாள்.

லாஸ்பேட்டையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கல்லூரியில், நினைவு மலருக்கு மதலேனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கணினிப் பிரிவில் மிச்சம் இருப்பவள் நான்தானே. “நல்லபடியா நாலு வார்த்தை எழுதுங்க கலைச்செல்வி” என்றார்கள். நல்லபடியாக எழுத எனக்கு வரவில்லை. நான் இதை எழுதுவது ஒரு வரியைத் திருத்த. மதலேன் கடைசியாக இணையத்தில் வெளியிட்ட நிரலின் குறிப்பில், ‘தவறு என்னுடையது’ என்று ஒரு வரி இருக்கிறது. அது பொய். அந்தத் தவறு என்னுடையது. அங்கே போய் அந்த வரியை மாற்ற இனி யாராலும் முடியாது. அப்படி முடியாமல் போனதற்கும் காரணம் நான்தான். எப்படி என்று சொல்கிறேன்.

இன்னொன்று. அவளைப் பற்றி ‘அவர்’ என்று மரியாதையாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இருபது வருஷம் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ‘வாடி போடி’ என்று பேசியவர்கள் நாங்கள். அவளே படித்தால் “யாருடி அந்த அவரு?” என்று கேட்பாள். ஆகவே அவள்.

அவள் என்ன செய்தாள் என்று, அவள் குடியிருந்த சாரம் பகுதியில் அவள் தெருவில் யாருக்கும் தெரியாது. கோயில் பாட்டுக் குழுவில் கூடப் பாடியவர்கள், “கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணும்” என்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாமல் எங்கோ ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வரைக் கவனித்துக்கொள்ள, பிரவுசரில் திறக்கிற ஒரு பக்கம் உண்டு. வெப் கன்சோல் என்போம். நம் மேசையில் இருந்தபடியே அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், எது நின்றிருக்கிறது, எது நிறைந்திருக்கிறது என்று பார்த்துச் சரி செய்யலாம். ஆனால் அந்தக் கன்சோலை ஒவ்வொரு சர்வரிலும் முதலில் யாராவது அமைக்க வேண்டும். எந்த வாசல் வழியாக வருவது, யாரை உள்ளே விடுவது, எத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் வெளியே அனுப்புவது என்று ஏகப்பட்டது உண்டு. எங்கள் ஆய்வகங்களில் இதை ஒவ்வொன்றாகக் கையால் செய்து சலித்துப்போய், தானாகவே செய்துவிடும்படி ஒரு நிரல் தொகுப்பு எழுதினாள். எங்கள் தொழிலில் அதை ரோல் என்பார்கள். ஒரே கட்டளை. நூறு சர்வர் இருந்தாலும் நூறையும் ஒரே மாதிரி அமைத்துவிடும். நூறையும் ஒரே மாதிரி கெடுத்தும்விடும்.

அதை இலவசமாக இணையத்தில் போட்டாள். எங்கெங்கோ இருப்பவர்கள் எடுத்து ஓட்டினார்கள். எழுதியது ஒரு மாதம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதைப் பராமரித்தாள். லினக்ஸில் புதுப் பதிப்பு வரும், ஏதாவது உடையும், யாரோ புகார் எழுதுவார்கள், மதலேன் சரி செய்து அடுத்த பதிப்பை விடுவாள். சம்பளம் கிடையாது. ஒரு பொன்னாடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

ஆரம்ப காலத்தில் ஒரு தேர்வு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். கல்லூரி சர்வரில் யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலை மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றியதில் தன் பெயரையே விட்டுவிட்டாள். ஏற்கெனவே உள்ளே இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்கப் போய்விட்டு வந்தோம். சும்மா இருந்ததால் கன்சோல் அவளை வெளியே அனுப்பிவிட்டது. மறுபடி உள்ளே போகப் பார்த்தால், நீ யார் என்று கேட்கிறது. தேர்வுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஒரு பழைய பெரிய மானிட்டரை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி சர்வர் அறைக்குப் போனோம். பாதிப் படியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மானிட்டரைப் படியிலேயே இறக்கிவைத்து உட்கார்ந்து சிரித்தாள். “எருமை, எழுந்திருடி, பரீட்சை இருக்கு” என்று நான் கத்துகிறேன்.

“உள்ள இருக்கிற வரைக்கும் எல்லாம் சரியாத்தான் தெரியும் கலை” என்றாள். “வெளிய வந்து, திரும்பப் போக முடியுதான்னு பாத்தாதான் சரியா இல்லையான்னு தெரியும்.”

அன்றைக்கு வந்த பழக்கம் கடைசிவரை போகவில்லை. எந்த மாற்றம் செய்தாலும், சோதனைக்கு வைத்திருந்த கணினியில் ரோலை ஓட்டிவிட்டு, தானே வெளியே வந்து, பிரவுசரை மூடி, மறுபடி திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் தட்டி உள்ளே போய்ப் பார்ப்பாள். தானியங்கிச் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டினாலும் இதை விடமாட்டாள். என்னிடமும் ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு கேள்விதான். “வெளிய வந்து பாத்தியா?”

அந்தச் சோதனைக் கணினி சாரத்தில் அவள் வீட்டு முன்னறையில், சாப்பாட்டு மேசைக்கடியில் இருந்தது. கறுப்புப் பெட்டி, பக்கத்தில் யூபிஎஸ். மார்கழியில் எலிசபெத் அக்கா அதன்மேல் காலை வைத்துக்கொண்டு காய் நறுக்குவார். “சூடு இதமா இருக்குதும்மா, இதாவது உபயோகப்படுதே” என்பார். அதன் ஹார்ட் டிஸ்க்கை மதலேன் பூட்டி வைத்திருந்தாள். மின்சாரம் கொடுத்து ஓட ஆரம்பிக்கும்போது ஒரு நீளமான கடவுச்சொல் கேட்கும், அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருதடவை கொடுத்துவிட்டால் அணைக்கும்வரை திறந்திருக்கும். அணைத்தால் மறுபடி பூட்டு. புதுப் பதிப்பு வெளியிடுவதற்கான சாவி அதற்குள்தான் இருந்தது. இங்கே சாவி என்பது ஒரு சின்னக் கோப்பு. அது இருந்தால்தான், இந்தப் பதிப்பை வெளியிட்டது மதலேன்தான் என்று கையெழுத்துப் போட்டு அந்தப் பக்கத்தில் எதையும் ஏற்ற முடியும்.

முகம் தெரியாத ஒருவன் ஒருமுறை அவளை வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தான். இதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் ஏன் பொதுவில் போடுகிறீர்கள் என்று. படித்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மதலேன் நிதானமாக அவன் அனுப்பிய பிழைச் செய்தியைப் பார்த்து, உண்மையிலேயே ஒரு பிழை இருந்ததைக் கண்டுபிடித்து, சரி செய்து, கீழே ‘மெர்சி’ என்று எழுதினாள். அவள் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் நன்றிக்கு அந்தச் சொல்தான்.

“அந்த மூஞ்சிக்கு எதுக்குடி மெர்சி?” என்று கேட்டேன்.

“அவன் ஒருத்தனாச்சும் வந்து சொன்னான். மத்தவன்லாம் மனசுக்குள்ள திட்டிட்டுப் போயிருப்பான்” என்றாள். பிறகு, “இந்த வேலையில எழுதினவ பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது கலை. உடைச்சவ பேரு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்” என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அந்த ரோலில் வேலை செய்வேன். ஆனால் நான் எழுதுவதை அவள் வாங்கிப் பார்த்து, அவள் கையால்தான் உள்ளே சேர்ப்பாள். வெளியே தெரிவது அவள் பெயர் மட்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சௌகரியமாகத்தான் இருந்தது. போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், கன்சோலை வேறொரு வாசலுக்கு மாற்றும் வசதி வேண்டும் என்று பல பேர் கேட்டார்கள். பழைய வாசலைச் சாத்திவிட்டுப் புது வாசலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதினேன். என் சோதனைக் கணினியில் ஓட்டினேன். எல்லாம் பச்சை. பிரவுசரில் கன்சோல் பக்கம் அப்படியே திறந்திருந்தது, சொடுக்கினால் வேலை செய்தது. அன்றைக்கு வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஆட்களுக்கு டீ கொண்டுபோக வேண்டும். மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மதலேன் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது, நடக்க முடியவில்லை என்றாள். போனில் கேட்டாள்: “வெளிய வந்து பாத்தியா?”

“பாத்தேன்” என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். டீ ஆறிவிடுமே என்ற அவசரம். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தால் இப்போது சொல்லியிருப்பேன்.

அவள் என் வார்த்தையை நம்பித் தான் பார்க்காமல் வெளியிட்டாள். பதினோரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். பழைய வாசல் உடனே சாத்தப்பட்டது. புது வாசல் திறக்கவில்லை, நான் எழுதிய ஒரு நிபந்தனை தலைகீழாக இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்தவர்கள் எல்லாம் வெளியிலேயே நின்றார்கள். இரண்டு நாளில் புகார்கள் கொட்டின. மலை ஊரில் பள்ளிக்கூடங்களுக்கு சர்வர் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு ஊராகப் பஸ் பிடித்துப் போய், மானிட்டரைச் சுமந்துகொண்டு போய் நேரில் சரி செய்தாராம். ‘உங்கள் ரோல் என்பதால் சோதிக்காமல் ஓட்டினேன்’ என்று முடித்திருந்தார். திட்டக்கூட இல்லை அந்த மனிதர்.

மதலேன் நான் எழுதியதைப் படித்தாள். அந்த நிபந்தனையைப் பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்திருக்கும், நான் வெளியே வந்து பார்க்கவில்லை என்று. பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் பிடிபடும் பிழை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி செய்து புதுப் பதிப்பு விட்டாள். அதன் குறிப்பில் எழுதினாள்: ‘முந்தைய பதிப்பை வெளியே வந்து சோதிக்காமல் விட்டேன். தவறு என்னுடையது. உங்கள் வேலையைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்.’

மறுநாள் அலுவலகத்தில் நான், “என் பேர போட்டிருக்கலாமே” என்று முணுமுணுத்தேன். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொன்னால் போட்டுவிடுவாளோ என்று பயம் இருந்தது.

“உன் பேரு உடைச்சவ பேரா உள்ள வரக் கூடாது” என்றாள். “நாளைக்கு நீதான் இத எடுத்து நடத்தணும். உன்ன நம்பி ஓட்டணும் இல்ல? அடுத்த பதிப்புல உன் பேர போட்டுடறேன். சாவிய வந்து வாங்கிக்க.”

அப்போதே என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பேசாமல் போய்ச் சாவியை வாங்கிக்கொள்வதா? போகவில்லை. அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கல்லூரி வேலையை மட்டும் பேசிக்கொண்டு, அவள் வீட்டுக்குப் போவதை மட்டும் உடம்பு சரியில்லை, விருந்தாளி, கல்யாணம், மழை என்று ஏழெட்டு மாதம் ஓட்டினேன். சாவியை இணையத்தில் அனுப்பச் சொன்னதற்கு, “சாவிய மெயில்ல அனுப்பறவளா நானு? பத்து நிமிஷம் வந்து பக்கத்துல உக்காரு, உன் சாவிய உன் கையாலயே செஞ்சிக்க” என்றாள். அது அவள் முறை. ஆளுக்கு ஆள், மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து. அந்தப் பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த பதிப்பை என் பெயரோடுதான் விடுவது என்று அவளும் காத்திருந்தாள். அதனால் அந்த மன்னிப்புக் குறிப்பே கடைசிப் பதிப்பாக நின்றுவிட்டது.

நோணாங்குப்பத்திலிருந்து பதினொன்றரை மணிக்குச் சாரம் வந்து சேர்ந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, முன்னறை நடுவில் பெஞ்சு போட்டு மதலேனைக் கிடத்தியிருந்தார்கள். காலைப் பூசைக்குக் கட்டிய நீலப் புடவை. தம்பி பிரான்சிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும் என்பதால் ஐஸ் பெட்டி வரவழைத்திருந்தார்கள். பெட்டிக்காரர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, “பெரிய பாயின்ட் எங்கம்மா இருக்குது?” என்று கேட்டார். எலிசபெத் அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தார். அந்த அறையில் பெரிய பாயின்ட் ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தவர்களில் எனக்குத்தான் தெரிந்தது.

நான்தான் மேசைக்கடியில் குனிந்தேன். அந்தப் பாயின்ட்டில் யூபிஎஸ் செருகியிருந்தது. பிடுங்கினேன். பெட்டிக்காரரின் ஒயரை வாங்கி நானே செருகினேன்.

யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மின்சாரம் போய்விட்டது, பேட்டரியில் ஓடுகிறேன், சீக்கிரம் வந்து பார் என்று சொல்லும் சத்தம். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து ஓடுவேன். ஜெபமாலை ஆரம்பித்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பி, “அந்தச் சத்தத்த கொஞ்சம் நிறுத்தும்மா” என்றார். யூபிஎஸ்ஸை மாற்றிச் செருகச் சமையலறையில் மிக்சி பாயின்ட் இருந்தது. எக்ஸ்டென்ஷன் ஒயர் அலமாரியின் மேலேயே சுருட்டி வைத்திருந்தது, நானே பல தடவை எடுத்திருக்கிறேன். அதெல்லாம் தோன்றவில்லை. மறுபடி குனிந்தேன். அந்தப் பொத்தானைத் தவறிப்போய் அழுத்திவிட முடியாது, மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். சத்தம் நின்றது. கறுப்புப் பெட்டியின் விசிறியும் சுற்றி ஓய்ந்தது. நான் எழுந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து, ஜெபம் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

திங்கட்கிழமை மாலை அடக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இரண்டு நாளாகப் பார்க்காத மெயில்களைத் திறந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மதலேன் அனுப்பிய மெயில் ஒன்று படிக்காமல் கிடந்தது. அவள் பெயரைப் பார்த்தாலே சாவி விஷயம்தான் என்று திறக்காமல் விட்டிருக்கிறேன். பேசுகிற மாதிரியே எழுதுவாள்:

‘நாளைக்கு வரேன்னு சொன்ன. வரமாட்டன்னு எனக்குத் தெரியும். பரவால்ல. நானே எறங்கி வரேன். வீட்டு மெஷின்ல உன் பேர்ல அட்மின் கணக்குத் தொறந்து வெச்சிட்டேன், வெளிய இருந்தே கன்சோல் வழியா வரலாம். எப்ப தோணுதோ அப்ப உள்ள வா. சாவி செய்யறதுக்கு எல்லாம் உன் ஃபோல்டர்ல இருக்கு. என் முன்னாடி உக்கார வேணாம். மெஷின் எப்பவும் ஓடிட்டுதான் இருக்கும்.’

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன் என்று எழுதினால் அது அலங்காரம் இல்லை. நிஜமாகவே அடித்துக்கொண்டேன். என் கணவர் ஓடி வந்து கையைப் பிடித்தார். என்ன ஆச்சு என்று கேட்கிறார், அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? தன் முறையையே எனக்காக உடைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமலேயே நான் வாங்கிக்கொள்ளட்டும் என்று வழி செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் அந்த மேசைக்கடியில் குனிந்தபோது அது திறந்துதான் இருந்தது. மெயில் என் கைப்பையில் இருந்தது.

அவள் கொடுத்திருந்த முகவரியைப் பிரவுசரில் தட்டினேன். தெரிந்த பதில்தான் வந்தது, இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை.

மறுநாள் காலை சாரத்துக்குப் போய் அதை ஓட வைத்தேன். கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டது. எலிசபெத் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். அப்பாவின் பெயர், அவர் இருந்த பட்டாளத்தின் பெயர், சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர், பைபிளில் அவளுக்குப் பிடித்த சங்கீத வரி. மூன்று தடவை தப்பானால் நின்றுவிடும், மறுபடி ஓடவிட வேண்டும். மதியம்வரை தட்டினோம். அக்கா கடைசியில் என் தோளைத் தொட்டு, “விடும்மா. அவ தொறந்தாதான் உண்டு” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். “நீ என்ன பண்ணுவ கலை, பெட்டிக்குக் கரண்ட் வேணும் இல்ல?” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டத் தெரிந்திருந்தால் திட்டியிருப்பார்.

ரோல் இருக்கும் இணையத்தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன். சான்றிதழ் அனுப்பினால் இறந்தவரின் கணக்கை மூட முடியும், இன்னொருவருக்குத் திறந்து கொடுக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் சொல்வது நியாயம்தான். மூடினால் பதினோரு வருஷ உழைப்பும் சேர்ந்து போகும். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ரோலைப் பிரதி எடுத்து வேறு பெயரில் நடத்தலாம், நடத்தவும் தொடங்கிவிட்டேன். ஆனால் எல்லாரும் வந்து சேர்வது பழைய பக்கத்துக்குத்தான். அங்கே மேலே முதலில் கண்ணில் படுவது அந்த வரி.

அவள் போன செய்தி பரவியதும் அந்தப் பக்கத்தின் அடியில் முகம் தெரியாதவர்கள் அஞ்சலி எழுதினார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: ‘கவனமான மனிதர். கடைசியில் ஒருமுறை தவறிவிட்டார். நம் எல்லாருக்கும் நடப்பதுதானே.’ பெருந்தன்மையாகத்தான் எழுதியிருக்கிறார். அதன் அடியிலேயே, அது அவர் தவறு இல்லை, எழுதியது நான், சோதித்தேன் என்று பொய் சொன்னது நான் என்று என் பெயர் போட்டு எழுதினேன். யாரோ பதில் எழுதினார்கள்: ‘தோழியின் மேலுள்ள அன்பில் சொல்கிறீர்கள், புரிகிறது.’ அங்கே என் பெயருக்கு மதிப்பு இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு இடத்திலும் என் பெயர் இல்லாதபோது என்னை யார் நம்புவார்கள்?

ஏழாம் நாள் பூசை முடிந்து எலிசபெத் அக்கா அந்தக் கறுப்புப் பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். மேசைக்கடியில் அது இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை என்றார். ஸ்கூட்டரின் முன்னால் வைத்து லாஸ்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். இப்போது என் மேசைக்கடியில் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஓடவிட்டு மூன்று தடவை தட்டிப் பார்க்கிறேன். திறக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், கணக்குத் தெரிந்தவள்தான் நான். இருந்தாலும் தட்டுகிறேன். பிறகு அணைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

மதலேனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெட்டியும், அவள் கேட்ட ஒரு கேள்வியும். அன்றைக்குப் போனில், கால் வீக்கத்தோடு, என்னை நம்பிக் கேட்டாள். அதற்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலை அவளைத் தெரிந்தவர்கள் எல்லார் முன்னாலும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவளுடைய இணையப் பக்கத்தில் போட எனக்கு வழியில்லை.

இல்ல மதலேன். நான் வெளிய வந்து பாக்கல.